உள்பக்கத் தாழ்ப்பாள்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்றுதான் பெயர். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற இடம். துவைக்க இயந்திரம் உண்டு, உலர்த்த இயந்திரம் உண்டு, தேய்க்க ஆவி பறக்கும் பெரிய உருளை உண்டு. மடிப்பதற்கு மட்டும் இன்னும் இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓங்கி உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையைக் கைமாற்றிவிட்டு, திரும்பப் பின்னால் போக வேண்டும். நாள் முழுக்க இப்படிக் கிட்ட வருவதும் விலகிப் போவதும்தான் வேலை.

கவலைப்படுவதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. தன்பாட்டுக்குச் சும்மா கிடக்கிற கவலையைக்கூட எடுத்து உதறி, நீவி, நான்காக மடித்து மனசுக்குள் அடுக்கிக்கொள்வாள். மகள் போனில் இரண்டு தரம் இருமினால் அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்காது. நல்ல செய்தி வந்தாலோ, "இது எதுக்கு இப்ப வந்திருக்கு?" என்பாள். அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய். இவளுக்கு வெளிச்சத்திலும் இரண்டு பேய் தெரியும்.

மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பஸ்ஸில் அரை நாள் பயணம். தினமும் காலையில் முதல் வண்டி வருவதற்குள் மகளுக்கு ஒரு போன் போட்டுவிடுவாள். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. எழுந்தாயா, சாப்பிட்டாயா, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் முந்தின நாள் எதைக் கேட்டாலும் மகள் 'ம்' போட்டாள். வைக்கும்போது மட்டும், "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப வேண்டாம், அப்புறம் சொல்றேன்" என்றாள். அந்த 'அப்புறம்' மடிப்பக்காவை ராத்திரி தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை போன் போட்டாள். வழக்கமாக மணி அடிக்கும் இடத்தில் ஒரு பாட்டு வந்தது. யாரோ புதிதாகக் காலர் டியூன் வைத்திருக்கிறார்கள், நம்பர் மாறிப் போட்டுவிட்டோம் போல என்று நினைத்தாள். அதற்குள் பாட்டு இரண்டாவது அடிக்கு வந்துவிட்டது.

விளக்கை நீயே அணைத்துவிடு,
கதவை நானே சாத்துகிறேன்.
யாரும் வந்து கேட்டாலோ
காற்றுதான் என்று சொல்லிவிடு.

அவ்வளவுதான். திரும்ப முதலிலிருந்து அதே நான்கு வரி. பிறகு, நீங்கள் அழைத்தவர் எடுக்கவில்லை என்று ஒரு பெண் குரல். ஆவி பறக்கும் கூடத்தில் நின்றுகொண்டிருந்த மடிப்பக்காவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

ஏனென்றால் அந்தப் பாட்டு அவளுடைய பாட்டு.

மகள் சிறுமியாக இருந்தபோது, மடிப்பக்கா வீட்டு முன்னறையிலேயே அக்கம்பக்கத்துத் துணிகளை வாங்கி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கணவனுக்கு அப்போது வேலை போயிருந்தது. அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சைத்தான் நிறுத்திவிட்டான். சாப்பிட வா என்றால் வருவான், சாப்பிட்டால் போவான். சுவரோடு குடித்தனம் நடத்துவது போல இருந்தது அவளுக்கு. ஒரு நாள் பையில் நான்கு புடவையை வைத்துக் கட்டி, கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மகளைக்கூட விட்டுவிட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்றுதான் எண்ணம். அந்த நாட்களில்தான் ரேடியோவில் இந்தப் பாட்டு அடிக்கடி வந்தது. யாரோ தனக்காகவே எழுதியது போல இருந்தது அவளுக்கு. நான் போகிறேன், வெளியே நின்று கதவைச் சாத்திவிடுகிறேன், கேட்பவர்களிடம் அப்படி ஒருத்தி இங்கே இருக்கவே இல்லை, வந்து போனது காற்று என்று சொல். இஸ்திரிப் பெட்டியால் துணியைத் தேய்த்துக்கொண்டே இதையே திரும்பத் திரும்பப் பாடுவாள்.

போகாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மகளுக்கு அம்மை வந்தது. அம்மை இறங்கியதும் பள்ளிக்கூடம் திறந்தது. பிறகு ஒரு நாள் கணவன் வாயைத் திறந்து, "இதுல உப்பு இல்ல" என்றான். அவ்வளவு நாள் கழித்துப் பேசிய பேச்சு அது. அவள் உப்பை எடுத்து வைத்தாள். பையிலிருந்த புடவைகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின. பை இருந்தது யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

இப்போது மகள் அதே பாட்டை வைத்துக்கொண்டு போனை எடுக்காமல் இருக்கிறாள். அம்மாவுக்குப் புரியும் என்றுதானே வைத்திருப்பாள்? புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாளா? இல்லை, அதற்கு மேலும் ஏதாவதா? நான் பாடிப் பாடித்தானே அது அவள் காதில் ஏறியது? விதைத்தது நான்தானே?

மாப்பிள்ளைக்குப் போட்டாள். அவருடைய போன் அணைந்திருந்தது. அவருக்கு ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. இது எந்த வாரம் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"என்னக்கா, முனை தொங்குது பாரு" என்றாள் விரிப்பின் மறுமுனையில் நின்ற நெட்டை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, கணவனை இழந்தவள், மடிப்பக்காவின் கூட்டாளி. வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருந்தால் தங்கமான பெண்.

"என் பொண்ணு காலர் டியூன் மாத்தியிருக்கா. கேளு." மடிப்பக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

நெட்டை கேட்டாள். நான்காவது வரி வந்ததும் விரிப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இது செத்துப்போனவங்க பாடற பாட்டுக்கா."

"அடிப்பாவி!"

"ஆமாக்கா. அவர் போனப்புறம் எங்க வீட்டு ஜன்னல் தானா ஆடும். காத்துதான், காத்துதான்னு நானே சொல்லிப்பேன். அவர்தான்னு எனக்குத் தெரியும். இதைக் கேட்டதும் அவர் குரல் மாதிரியே இருக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாடியது ஒரு பெண் என்பது அவளுக்குப் பொருட்டாக இல்லை.

மடிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுக்குத் துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த வேன் டிரைவர் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"அட, ஓடிப்போற பாட்டு! நானும் எங்க வீட்டுக்காரியும் வீட்டை விட்டு ஓடினப்போ ரெண்டு பேரும் இதைத்தான் பாடிக்கிட்டோம். நீ லைட்டை அணை, நான் கதவைச் சாத்தறேன், ரெண்டு பேரும் கிளம்பிடலாம்னு. இப்ப அதே அவ, நான் லைட்டைப் போட்டா கரண்ட் பில் யார் கட்டறதுன்னு கேக்கறா, அது வேற விஷயம்."

"யார்கூட ஓடறது?" என்று கேட்டாள் மடிப்பக்கா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? பாட்டுல பேர் சொல்லலையே."

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் தூக்கத்தில்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிற மனிதர். அவரும் பாட்டைக் கேட்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ரொம்ப நல்ல பாட்டு. எவ்வளவு பொறுப்பா சொல்றாங்க பாரு. படுக்கப் போறதுக்கு முன்னாடி லைட்டை அணைக்கணும், கதவைச் சாத்தணும். இதைப் பெரிசா எழுதி இங்க ஒட்டணும்."

வேறொரு நாளாக இருந்தால் மடிப்பக்கா சிரித்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கு இவர்கள் மேல் எரிச்சல்தான் வந்தது. நான்கே நான்கு வரி. ஒருத்திக்குச் சாவு, ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தருக்குக் கரண்ட் பில். கேட்கிறவர்கள் ஆளாளுக்குத் தங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அதற்குள் வைத்துவிடுகிறார்கள். தானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

கணவனுக்குப் போட்டாள். அவன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி, வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"அவ போனை எடுக்கலைங்க. ஒரு பாட்டு வெச்சிருக்கா."

"தெரியும். நேத்து ராத்திரி நான் போட்டப்போ வந்தது. நீ அப்ப ஓயாம பாடுவியே, அதானே?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? நான் வேலை இல்லாம மூலையில கிடந்தேன். யார் மூஞ்சியிலயும் முழிக்கப் பிடிக்கல. நீ முன்னறையில பாடிட்டே வேலை செய்வே. சரி, இவளாவது சந்தோஷமா இருக்கான்னு நினைச்சுப்பேன்."

சந்தோஷமா! இத்தனை வருஷமாக இந்த மனிதன் இதை நினைத்துக்கொண்டா இருந்திருக்கிறான்? அவனை உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை. "நான் அவளைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சூப்பர்வைசரிடம் விடுப்புக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் காரணம் கேட்கவில்லை. "போய்ட்டு வாம்மா. போகும்போது பின்வாசல் லைட்டை அணைச்சிட்டுப் போ" என்றார். நெட்டை பின்னாலேயே ஓடி வந்து, "நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்க்கா. ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாள். சொன்னதைத் திரும்பப் பொறுக்க முடியுமா?

வேன் டிரைவர் அவளைப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். மகள் ஊருக்கு அடுத்த பஸ் மதியம்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், வேலைக்குப் போடும் மேலங்கியோடேயே வந்துவிட்டது தெரிந்தது. கையில் பை இல்லை, மாற்றுத் துணி இல்லை. அன்றைக்குப் பையைக் கட்டி வைத்தும் போகவில்லை. இன்றைக்கு ஒன்றுமில்லாமல் கிளம்பியிருக்கிறாள். மறுபடி போன் போட்டாள். விளக்கை நீயே அணைத்துவிடு. காதிலிருந்து போனை எடுத்துவிட்டாள். கேட்க முடியவில்லை. சாமி, நான் செய்யாமல் விட்டதை என் பெண்ணைச் செய்ய வைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். மடியில் இருந்த போன் அப்போது அதிர்ந்தது. மகள்.

"அம்மா! என்னம்மா இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? அப்பாவுக்கு ஏதாவதா?"

"நீ எங்கடி இருக்கே?" என்று அவள் போட்ட சத்தத்தில் முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வேலையில. அதாம்மா சொல்லணும்னு சொன்னேன். மருந்துக் கம்பெனியில, பேக்கிங்ல சேர்ந்திருக்கேன். இன்னிக்குத்தான் முதல் நாள். நேத்தெல்லாம் ஒரே பயம். முடியாதுன்னு அனுப்பிட்டா மானம் போகுமே, ஒரு நாள் தாக்குப்பிடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். உள்ள போகும்போதே போனை வாங்கிப் பூட்டி வெச்சிடறாங்க. இப்ப சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கொடுத்தாங்க."

"மாப்பிள்ளை போனும்..."

"அவருக்கு ராத்திரி ஷிப்ட் இந்த வாரம். தூங்கறார்."

மடிப்பக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அந்தப் பாட்டு? அதை எதுக்குடி வெச்சே?"

"உனக்காகத்தான்மா." மகள் சிரித்தாள். "நான் எடுக்கலேன்னா நீ பதறிப்போயிடுவியே. அந்தப் பாட்டு கேட்டா நீ நிம்மதியா இருப்பேன்னு வெச்சேன். ஆனா வெச்சவங்களுக்கு அது கேக்காதுல்ல, எந்த இடம் வருதுன்னே எனக்குத் தெரியல. எந்த இடம்மா?"

"கதவைச் சாத்தற இடம்."

"ஐயோ, அதுதாம்மா எனக்குப் பிடிச்ச இடம்! நான் இஸ்திரி மேஜைக்கு அடியில படுத்திருப்பேனே, வெதுவெதுன்னு இருக்கும். காத்தடிச்சா கதவு டப டபன்னு அடிக்கும், யாரோ தட்டற மாதிரி. எனக்குப் பயமா இருக்கும். நீ பாடுவே, யாருமில்ல, காத்துதான்னு. அம்மா கதவைச் சாத்திடுவா, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு இங்கயேதான் இருப்பா, நாம தூங்கலாம்னு தூங்கிடுவேன்."

உள்பக்கமிருந்து சாத்தலாம் என்று அந்தப் பாட்டைப் பாடிய நாட்களில் அவளுக்கு ஒரு தரம்கூடத் தோன்றியதில்லை. கரி மூட்டைக்குப் பின்னால் இருந்த பையைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

"அம்மா? அழறியா?"

"ஆவிடி. கண்ணுல பட்டுடுச்சு."

"ஹார்ன் சத்தமெல்லாம் கேக்குது. எங்கம்மா இருக்கே?"

"வண்டி ஏதோ வந்திருக்கு. நீ சாப்பிடு, நேரம் ஆயிடப்போகுது."

"ஏறறதா இறங்கறதா, ஒரு முடிவுக்கு வாங்கம்மா, வண்டி எடுக்கணும்" என்றார் கண்டக்டர், போனை வைத்துவிட்டு எழுந்து கதவருகே வந்து நின்றவளைப் பார்த்து. அவள் இறங்கிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

நிலையத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும், போனை வாங்கிப் பூட்டியிருப்பார்கள் என்று தோன்றிய பிறகு மகளின் நம்பருக்குப் போட்டாள். யாரும் எடுக்கப் போவதில்லை என்று தெரியும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நான்கு வரியும் முடிகிற வரைக்கும் கேட்டாள்.