அண்ணனுக்கு ஏற்றாத மெழுகுவர்த்தி

அந்தமானில், புரோத்ராபூரில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை பார்க்கிறேன். எனக்குக் கூச்ச சுபாவம். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை உண்டு. மதுரையிலிருந்து வந்து தங்கிய ஓர் அக்கா ஒருநாள் சுனாமியைப் பற்றிக் கேட்டார்.

"எங்க அண்ணன் அப்ப கார் நிக்கோபார் தீவுலதான் இருந்தாரு" என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"என் தம்பி போன வருஷம்தான் போனான். உனக்குத்தான்மா என் வலி புரியும்."

அண்ணன் மரத்தில் ஏறித் தப்பித்துவிட்டார், நலமாக இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு மாதா கோயிலுக்கு வந்தார். தம்பிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "இது உங்க அண்ணனுக்கு" என்று இன்னொன்றை எடுத்தார்.

"அரே அக்கா, ஏத்தாதீங்க! எங்க அண்ணன் உயிரோட இருக்காரு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"அடிப்பாவி, ரெண்டு நாளா அந்த மனுஷனுக்கும் சேர்த்து அழுதுட்டிருக்கேனே!" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதையும் தம்பிக்கே ஏற்றினார்.

வாயைத் திறக்காமலும் பொய் சொல்லலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். இப்போது யார் சுனாமியைப் பற்றிக் கேட்டாலும், "எங்க அண்ணன் பொழைச்சுட்டாரு" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன்.