எர்மீனின் தொப்பி கிடந்த இடம்

அனிசே சாஸ்வில் முப்பத்தொரு குளிர்காலம் கடலோரச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டினார். அவர் தள்ளிய பனியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நம் காஸ்பேஸிக் கரையிலிருந்து நிலாவுக்கு ஒரு சாய்வுப்பாதையே போட்டிருக்கலாம். அதில் இறங்கி வருகிறவர்களுக்கு வழுக்காமலிருக்க உப்பும் அவரே தூவியிருப்பார். ஆனால் கடைசிக் குளிர்காலங்களில் அந்தப் பனிமேல் அவர் நடந்தது வீட்டுவாசலிலிருந்து லாரி வரைக்கும்தான்.

காரணம் இருந்தது. பதினான்கு வருடங்களுக்கு முன் மலையிலிருந்து பனி சரிந்து, சாலையில் போன ரொட்டி வண்டி ஒன்றை மூடிவிட்டது. முதலில் போய்ச் சேர்ந்தது அனிசேயின் லாரி. லாரியின் முன்னால் பனியைத் தள்ளும் இரும்பு அலகை எங்கே இறக்குவது? இங்கே இறக்கினால் வண்டியின் கூரை, அங்கே இறக்கினால் ஓட்டுநரின் தலை. லாரியை நிறுத்திவிட்டு வெறும் மண்வாரியோடு ஒரு மணி நேரம் இடம் தெரியாமல் தோண்டினார். ஓட்டுநர் உயிரோடு வந்தார், அதுவும் ஒரு ரொட்டியைக் கடித்தபடியே. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அனிசே சிரிக்கவில்லை. ‘எங்கே’ என்ற அந்த ஒரு கேள்வி அவரை விட்டுப் போகவேயில்லை.

ஓய்வு பெற்ற முதல் பிப்ரவரியில் அவர் மனைவி எர்மீன் ஷிக்-ஷோக் மலைக்குப் போகப்போவதாக அறிவித்தார். வழிகாட்டி ஒருத்தி கூட்டிப்போய், பனிக்காலணி கட்டி நடக்கவும், குளிர்காலத்து மலையில் பத்திரமாகப் போய்வரவும் கற்றுக்கொடுக்கிறாளாம்.

“நீ வரலைன்னா நான் தொனாத்தோட போறேன்” என்றார் எர்மீன்.

“அந்த மருந்துக்கடைக்காரனோடயா? மூக்கு மேல இருக்கற கண்ணாடியையே ஊரெல்லாம் தேடுறவன். பனி மூடிட்டா உன்னை எப்படித் தேடுவான்?”

“அப்ப நீ வந்து தேடக் கத்துக்கோ.”

கற்றுக்கொள்ளத்தான் போனார். தொனாத்தும் கூடவே வந்தார்.

வழிகாட்டி மைலீன் மொன்ரியாலிலிருந்து வந்தவள், முப்பது வயது, எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிற பெண். வண்டிகள் நிறுத்துமிடத்திலேயே பாடம் தொடங்கியது. முறம் அகலத்துக்கு இருந்த பனிக்காலணியைக் கட்டி, எல்லோருக்கும் கொடுத்த ஊன்றுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு அனிசே எடுத்துவைத்த முதல் அடி தன் இடது காலணியின் மேலேயே விழுந்தது. குப்புற விழுந்தார். எழுந்தார். பின்னால் ஓர் அடி வைக்கப் பார்த்து மல்லாக்க விழுந்தார். நம் ஊர்க்காரர்கள் கோபத்தில் தேவாலயப் பீடத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அனிசே அன்றைக்குக் கிண்ணத்தில் தொடங்கி, அப்பப்பெட்டி வழியாக மெழுகுத்திரித் தண்டு வரை வந்துவிட்டார்.

“ஐயா, காலைக் கொஞ்சம் அகட்டி வைங்க. பின்னாடி நடக்கவே கூடாது. திரும்பணும்னா வட்டமா சுத்தி வாங்க” என்றாள் மைலீன்.

“லாரி மாதிரின்னு நினைச்சுக்கடா” என்றார் தொனாத். “பின்னாடி போறப்ப பீப் பீப்னு கத்து, நாங்க விலகிக்கிறோம்.”

பிறகு மைலீன் ஆளுக்கொரு தேடுகருவி கொடுத்து நெஞ்சில் கட்டச் சொன்னாள். நடக்கும்போது அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். அம்புக்குறி வழி காட்டும், எண் தூரத்தைச் சொல்லும். எண் குறையக் குறைய ஆள் பக்கத்தில். அப்புறம் நீளக் குத்துக்கோலால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்ட வேண்டும்.

அவள் ஒரு பையை எங்கேயோ புதைத்துவிட்டு வந்து, தேடச் சொன்னாள். தொனாத் நான்கு நிமிடத்தில் கண்டெடுத்தார். அனிசேக்குப் பதினொரு நிமிடம் ஆனது.

“பத்து நிமிஷம் தாண்டிட்டா கஷ்டம்” என்றாள் மைலீன், மெதுவாக.

அனிசே திரும்பி எர்மீனைப் பார்த்தார். அவர் சொந்தக் கையால் பின்னிய ஆரஞ்சுத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, புறப்படத் தயாராக நின்றார்.

“ஒரே ஒரு விதி” என்றாள் மைலீன். “சொல்லாம யாரும் வரிசையை விட்டுப் போகக்கூடாது. எதுக்காக இருந்தாலும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஊசியிலைக் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் ஏறினார்கள். அனிசே விழுந்த இடங்களை எண்ணிக்கொண்டு வந்த தொனாத் இருபதோடு சலித்துப்போய் நிறுத்திவிட்டார். மரங்கள் முடிந்த இடத்தில் ஒரு வெட்டவெளிச் சரிவு. அதன் விளிம்பில் மரங்களை ஒட்டிக் கொஞ்சம் ஏறியதும் மைலீன் கையை உயர்த்தி நிறுத்தினாள். மர ஓரத்தில் இடுப்பளவு குழி வெட்டி, பனியின் அடுக்குகளைக் காட்டினாள். ஒரு பனித்தூணை வெட்டியெடுத்து, மேலே மண்வாரியை வைத்துத் தட்டினாள். ஏழாவது தட்டிலேயே மேல்பாதி பலகைபோல வழுக்கி வந்தது.

“பாத்தீங்களா? இதைக் கடக்கப்போறதில்ல. காட்டு வழியாச் சுத்திப் போறோம்.”

அனிசே இவ்வளவு இனிமையான வாக்கியத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதில்லை.

அப்போதுதான் மேலே ‘ஹூம்’ என்று ஒரு பெருமூச்சு. சரிவின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை கழன்று, அவர்கள் ஏறிவந்த தடத்தின் மேலேயே சரசரவென்று இறங்கி, கீழே காட்டோரம் போய் நின்றது. பெரிய சரிவு இல்லை. ஒரு லாரியை மூடும், அவ்வளவுதான்.

மைலீன் எண்ணினாள். “ஒண்ணு, ரெண்டு, என்னோட மூணு.” மறுபடி எண்ணினாள். மறுபடியும் மூன்றுதான்.

“எர்மீன்!” என்று கத்தினார் அனிசே. தொனாத்தும் கத்தினார். பதில் இல்லை. சரிந்து கிடந்த பனியின் நடுவில், முப்பது அடி கீழே, ஆரஞ்சுத் தொப்பி கிடந்தது.

“எல்லாரும் தேடும் நிலைக்கு மாத்துங்க!” மைலீனின் குரல் நடுங்கவில்லை. மேலே இனி எதுவும் சரியக் காத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்: “தொனாத், மேலயே கண்ணை வச்சுக்கிட்டு நில்லுங்க, ஏதாவது அசைஞ்சா கத்துங்க. ஐயா, நீங்க தொப்பியிலேருந்து கீழ போங்க. நான் இந்தப் பக்கம்.”

அனிசே ஓடினார். உருண்டைகளும் பாளங்களுமாகக் கிடந்த பனியில், காலை அகட்டி, காலணியின் நுனியைப் பனியில் உதைத்து, ஒரு முறைகூட விழாமல் ஓடினார். கருவி முப்பத்தெட்டு என்றது. முப்பத்தொன்று. அம்பு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது, அவரும் திரும்பினார். இருபத்து நான்கு. ரொட்டி வண்டி நினைவுக்கு வந்தது, அதைத் தள்ளிவிட்டார். இந்த முறை ‘எங்கே’ என்பதற்குக் கருவி பதில் சொல்கிறது, அது சொல்வதைக் கேட்டால் போதும். பதினேழு. ஒன்பது.

“நாலு நிமிஷம் ஆச்சு!” என்று மைலீன் கூவினாள்.

ஆறு. சரிவின் விளிம்பு, காட்டின் தொடக்கம். அனிசே கருவியைப் பனிமட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார். குத்துக்கோலை நீட்டி ஊன்றி நின்றார். அசையவில்லை.

ஐந்து என்றது கருவி. நான்கு. மூன்று.

அனிசே தன் காலைப் பார்த்தார். அது அப்படியேதான் நின்றது. புதைந்தவர் நடக்க மாட்டார் என்பது லாரிக்காரருக்கும் தெரியும். இரண்டு என்றபோது, எதிரே ஊசியிலைக் கிளைகள் விலகி, தொப்பியில்லாத ஒரு நரைத்த தலை வந்தது. கால்சட்டை வாரை ஒரு கையால் இழுத்து மாட்டியபடி, எரிச்சலோடு.

“ஒரு மனுஷி அஞ்சு நிமிஷம் நிம்மதியா ஒதுங்க முடியாதா? எதுக்கு என் பேரைச் சொல்லிக் கூப்பாடு?”

அனிசே குத்துக்கோலைப் போட்டுவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பதில் சொல்லக்கூடாதாம்மா?” மைலீன் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“சொன்னா தொனாத் வந்து எட்டிப் பாப்பான். ரெண்டு கால்சட்டை, ஒரு பட்டை, இந்தக் கருவி, இத்தனையும் கழட்டி மாட்டறதுக்குள்ள... அதான் தடத்தோரமா என் ஊன்றுகோலை நட்டு தொப்பியை மாட்டிட்டுப் போனேனே! உன் கண்ணு எங்க போச்சு?”

“தொப்பியா?” என்றாள் மைலீன்.

“எங்க ஊர்ப் பொம்பளைங்க புளூபெரி பறிக்கப் போறப்ப, கம்புல தொப்பி இருந்தா அந்தப் பக்கம் வராதேன்னு அர்த்தம். எங்கம்மா காலத்திலேருந்து இதான்.”

மைலீன் அனிசேயைப் பார்த்தாள். அனிசே மேலே நின்ற தொனாத்தைப் பார்த்தார். இரண்டு ஆண்களும் அறுபது வருடமாக அந்த ஊரில்தான் இருந்தார்கள். இருவருக்கும் தெரியாது.

எர்மீன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். தான் நடந்து வந்த தடமே இல்லை. தொப்பி வெகுதூரம் கீழே கிடந்தது. முகம் மெல்ல வெளுத்தது. வந்து அனிசேயின் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தார். அனிசே அவருடைய காதுகளைத் தன் இரண்டு கையுறைகளாலும் பொத்திக்கொண்டார். குளிருக்காகத்தான் என்று பிறகு சொன்னார்.

“எத்தனை நிமிஷம்?” என்று கேட்டார் எர்மீன்.

“நாலரை” என்றாள் மைலீன். “இவர் இவ்வளவு வேகமா ஓடுவார்னு நான் நினைக்கல.”

“நானும் நினைக்கல” என்றார் அனிசே. அப்புறம் சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, கடைசியில் விக்கலில் போய் நின்றது. தொனாத் கீழே வந்து முதுகில் நாலு தட்டு தட்டினார். கேலி செய்யவில்லை, அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

கருவிகளைப் பழைய நிலைக்கு மாற்றி, மைலீன் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சோதித்தாள். காட்டு வழியாகச் சுற்றி மலைக்குடிலுக்குப் போனார்கள். பட்டாணி சூப் ஆவி பறக்க வந்தது. அனிசே மூன்று கிண்ணம் குடித்தார்.

மைலீன் மேசையில் ஒரு தாளை விரித்தாள். பனிச்சரிவைப் பார்த்தால் எழுதி அனுப்ப வேண்டுமாம், பின்னால் வருகிறவர்களுக்காக. இடம், நேரம், அகலம் எழுதினாள். சிக்கியவர்கள்: இல்லை. காயம்: இல்லை. வழிகாட்டியின் பிழை என்ற இடத்தில், வரிசையின் கடைசி ஆளைக் கவனிக்கவில்லை என்று தானே எழுதினாள். எர்மீன் தடுக்கப் போனார், அவள் கேட்கவில்லை.

“காணாமல் போனவைன்னு ஒரு வரி இருக்கு” என்றாள். “தொப்பிதான் கிடைச்சிடுச்சே.”

அனிசே கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“ஒரு ஊன்றுகோல்” என்றார். “எழுதிக்கம்மா. அது மட்டும்தான்.”