ஓட்டைக் குடங்களை அகற்றிய எம்.பி.ஏ.

எம்.பி.ஏ. படித்த இரண்டு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது டை கட்டுவது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆனால் அதுவும் பொய். முதல் நாள் பக்கத்து பெஞ்சுக்காரன் போட்டுக்கொடுத்த முடிச்சை அவிழ்க்காமல், தலை வழியாகக் கழற்றி, தலை வழியாக மாட்டி, அப்படியே நாலு செமஸ்டரை ஓட்டிவிட்டேன்.

திருவொற்றியூரில் பஸ் ஏறுவேன். வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து போகும். மணலி ரசாயன ஆலைகள் பக்கமிருந்து வரும் காற்று மூக்கை அறுக்கும். சித்திரை வெயிலில் கழுத்தை இறுக்கிய டையோடு படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்த்து கண்டக்டர், "இன்னா சார், மெடிக்கல் ரெப்பா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். படிக்கிறேன் என்றால் என்ன படிப்பு என்பார், மேலாண்மை என்றால் யாரை மேய்க்கப் போகிறாய் என்பார். வம்பு எதற்கு?

கல்லூரி, நகரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் பின்கட்டடத்தில் இரண்டு மாடி. ஏ.சி. இயக்குநர் அறையில் மட்டும். எங்களுக்கு ஓவர்ஹெட் புரொஜெக்டரும், வாய்க்கு வாய் 'வேல்யூ அடிஷன்' என்று சொல்லும் ஒரு பேராசிரியரும். வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடையைக்கூட நடத்தாதவர். வரிசைக் கோட்பாடு என்று ஒரு பாடம் எடுத்தார். வாடிக்கையாளர் வருகிறார், காத்திருக்கிறார், சேவை பெறுகிறார், வெளியேறுகிறார். அந்த வாடிக்கையாளருக்கு முழங்கால் வலிக்காது. அடுப்பில் உலை கொதிக்காது. அவரை எந்த மேஸ்திரியும் ஏன் லேட் என்று கேட்க மாட்டார். ஏதோ வெளிநாட்டு வங்கியில் மூன்று கவுன்ட்டர் முன்னால் அவர் பாட்டுக்கு நிற்பார். நாங்கள் அவருடைய சராசரி காத்திருப்பு நேரத்தைக் கணக்குப் போட்டு, விடையைப் பென்சிலால் கட்டம் கட்டுவோம்.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். மற்றவர்களுக்குக் கம்பெனிகளில் மாமா இருந்தார், சித்தப்பா இருந்தார். மாமா இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் பழைய அறிக்கை ஒன்றை வாங்கி அட்டையை மட்டும் மாற்றினார்கள். எனக்கு அதற்கும் மனசு வரவில்லை. நேர்மை ஒன்றும் இல்லை, திமிர். நானே ஒரு வரிசையைச் சீர்செய்து காட்டுகிறேன் பார் என்று நினைத்தேன். வரிசைக்காக எங்கேயும் அலைய வேண்டியதில்லை, எங்கள் தெருவிலேயே ஒன்று இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியெல்லாம் வறண்டு, குழாயில் காற்றுதான் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி லாரி வரும். காலையிலும் வரும், மத்தியானமும் வரும், சாயங்காலமும் வரும். எப்போது என்று அதன் டிரைவருக்கே தெரியாது. வீட்டுக்கு எட்டுக் குடம். விடிந்ததிலிருந்து தெருமுனையில் குடங்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசையில் பிடித்த தண்ணீரைத்தான் நான் குடித்தேன், குளித்தேன், சட்டைக்கு நீலம் போட்டேன். ஆனால் ஒரு நாள்கூட அதில் நின்றதில்லை. குடம் பிடிப்பது பொம்பளை வேலை. இப்போது மட்டும் டையைக் கழற்றிவிட்டு, நோட்டும் கைக்கடிகாரமுமாகப் போய் நின்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாடா இது, நாலு பேர் பாக்கறாங்க, குடத்த எண்ணிகினு கீற?"

எண்ணியதில் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. வரிசையில் மூன்றில் ஒன்று ஓட்டைக் குடம். அடி விண்டது, வாய் கிழிந்தது, பாதியாக உடைந்தது. ஒரு அரைச் செங்கல். ஒற்றை ரப்பர் செருப்புகூட ஒன்று இருந்தது. அவற்றின் சொந்தக்காரிகள் யாரும் அங்கே இல்லை. ஓட்டைக் குடத்தின் முறை வந்ததும் அதற்குப் பின்னால் நிற்கிற பெண், எங்கிருந்தோ எட்டு நல்ல குடங்களை எடுத்துவந்து நிரப்பி, யார் வீட்டு வாசலிலோ கொண்டுபோய் வைப்பாள். அப்புறம்தான் தன் குடத்தைப் பிடிப்பாள். எங்கள் அம்மாவுக்கு முன்னால் எப்போதும் ஒரு பச்சை ஓட்டைக் குடம் இருந்தது.

"அது யாருது?"

"எதிர்வூட்டு அக்காவோடதுடா. எறா கம்பெனிக்குப் போவுதே, அது."

எதிர்வீட்டு அக்கா காசிமேட்டுப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வேலைதான் அந்த வீட்டின் சோறு, துணி எல்லாம்.

"அவங்களே வந்து புடிக்க வேண்டியதுதானே?"

"காலீல போனா சாய்ந்தரம்தான் வரும். லாரி இன்னா அதுக்கோசரம் காத்துகினு நிக்குமா? நான் புடிச்சி வெப்பேன். ஞாயித்துக்கெயமன்னா ரேசன்ல கிருஷ்ணாயிலுக்கு அது எனக்கு நிக்கும். என் முட்டிக்கு அங்க நிக்க முடியுமா?"

அவ்வளவுதான். மொத்தக் கோட்பாட்டையும் அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஓட்டைக் குடமாக இருந்தால் யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், இடமும் போகாது. வேலைக்குப் போகிறவளுக்கு வீட்டில் இருப்பவள் பிடிப்பாள், இவளுக்கு அவள் வேறொரு வரிசையில் நிற்பாள். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. வந்த நேரம், நின்ற நேரம், போன நேரம், மூன்றே கட்டம்தான். ஓட்டைக் குடங்களுக்குப் 'போலி வாடிக்கையாளர்கள்' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரை நினைத்து இரண்டு நாள் பூரித்துக்கொண்டும் இருந்தேன்.

பேராசிரியர் குதித்தார். "ஃபென்டாஸ்டிக்! அவங்களை எலிமினேட் பண்ணு. இம்ப்ளிமென்ட் பண்ணிக் காட்டினா ஃபுல் மார்க்."

இம்ப்ளிமென்ட் பண்ண எங்கள் தெருவில் ஒருவரால்தான் முடியும். கட்சிக்காரர், லாரிக்குப் போன் போடுகிறவர், வெள்ளைச் சட்டைக்காரர். அவரிடம் டோக்கன் முறையைச் சொன்னேன். லாரி வந்ததும் நேரில் நிற்கிறவருக்கு மட்டும் டோக்கன், வீட்டுக்கு ஒன்று, டோக்கன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. டோக்கன் என்றால் என்ன, அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அவர் அரை நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். எங்கள் வகுப்பில் யாருக்கும் அந்த வேகம் கிடையாது. அட்டையை நானே வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டு, லேமினேஷன் செய்து கொடுத்தேன்.

முதல் டோக்கன் நாளில் ஓட்டைக் குடங்களைக் கட்சிக்காரரின் ஆட்கள் சுவரோரம் எறிந்தார்கள். நான் முன்பு, பின்பு என்று இரண்டு போட்டோ எடுத்தேன். வரிசை பாதியாகச் சுருங்கியது. சராசரி காத்திருப்பு நேரம் மளமளவென்று இறங்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். வாசலில் தண்ணீர் இல்லை. தன் பச்சைக் குடத்தைச் சுவரோரத்திலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். அம்மா எங்கள் பங்கிலிருந்து இரண்டு குடம் கொடுத்தாள்.

"டோக்கன் நல்லதுதான் தம்பி. எனக்கும் ஒண்ணு எட்துவெச்சிரு. ஒங்கம்மா புடிச்சிக்கும்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கினேன். ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் சிஸ்டமே போய்விடும் என்று, நாள் முழுக்க ஐஸில் கைவைத்து விரல் வெளுத்துப்போன ஒரு பெண்ணிடம், விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "செரி தம்பி, நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அக்கா லாரி நாளில் லீவு போட ஆரம்பித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு என்றால் எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேஸ்திரி அவருடைய இடத்தில் வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டாள். மத்தியான வெயிலில் எதிர்வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன். "அத்த வேலைய வுட்டு நிறுத்திட்டாங்கடா. இப்ப சந்தோசமா?" என்றாள் அம்மா.

கட்சிக்காரரிடம் ஓடினேன். டோக்கனை எடுத்துவிடலாம், பழையபடியே இருக்கட்டும் என்றேன். முதல் பத்து டோக்கன் அவர் சட்டைப்பையில் இருந்தது, அவருடைய ஆட்களுக்காக.

"நீதானே நைனா படிச்சிட்டு வந்து சொன்ன? ஜனம் இப்பதான் கட்டுப்பாடா கீது. அத்தப் போய் இன்னாத்துக்குக் கலைக்கச் சொல்ற?"



அறிக்கையின் கடைசியில் 'ஆய்வின் வரம்புகள்' என்று ஒரு பக்கம் உண்டு. எல்லோரும் அதில் நேரம் போதவில்லை என்று எழுதுவார்கள். அக்காவை அங்கேயாவது எழுதியிருக்கலாம். நானும் நேரம் போதவில்லை என்றே எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட ஒரே கேள்வி, பக்க எண் ஏன் நடுவில் இல்லை என்பது. வகுப்பில் அதிக மார்க் எனக்கு. என் இரண்டு போட்டோவையும் பேராசிரியர் வாங்கிவைத்துக்கொண்டார், அடுத்த செட்டுக்குப் பாடம் எடுக்க.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியின் இன்டர்வியூவில், நீ சாதித்தது எதையாவது சொல் என்றார்கள். டோக்கன் கதையைச் சொன்னேன். போட்டோ எடுத்ததோடு கதையை நிறுத்திக்கொண்டேன். தலையாட்டிக் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

வேலையில் சேர்ந்த அன்று காலையில் வாளியில் தாராளமாகத் தண்ணீர் இருந்தது. இரண்டு குடம் ஊற்றிக் குளித்தேன். முந்தின நாள் லாரி வந்தபோது அம்மாவால் டோக்கன் வாங்கத்தான் முடிந்தது, முட்டி வலியில் குடத்தைத் தூக்க முடியவில்லை. தலை துவட்டிக்கொண்டே, தண்ணீர் யார் தூக்கிவந்தது என்று கேட்டேன்.

"எதிர்வூட்டு அக்காதான். சும்மாதானே வூட்ல கீது" என்றாள் அம்மா. "தம்பி மொத நாளு வேலைக்குப் போவுது, நல்லா குளிச்சிட்டுப் போவட்டும்னு அதோட பங்குலயும் ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போச்சு."