இரண்டு விரல் இடம்

பலூனில் ஏறி, பெரிய துணிக்குடை விரித்து வானத்திலிருந்து குதிக்கும் வெள்ளைக்காரி ஒருத்தி கம்பத்துக்கு வந்தபோது, அவள் உயிர் கொஞ்ச நேரம் என் கையில் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை.

நான் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தைப்பவள். மலையில் அணை கட்டும் துரைமார் பார்க்க ஊருக்கு வெளியே தரிசில் அந்த வேடிக்கை ஏற்பாடாகியிருந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது பலூன் துணியின் அடிப்பக்கம் கருவேல முள்ளில் ஒரு முழம் கிழிந்துவிட்டது. தையல் தெரிந்தவள் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். கோணி ஊசியைப் போட்டுவிட்டு மெல்லிய ஊசியால் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தேன். துரைசாணி தலையாட்டிவிட்டுப் போனாள். ஆண்களைப் போல் கால்சட்டை போட்டிருந்தாள். முகத்தில் பயம் மருந்துக்கும் இல்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் பயந்தேன்.

பள்ளத்தில் நெருப்பு மூட்டினார்கள். புகை ஏற ஏறத் துணி உப்பி நின்றது.

"ஏலக்கா மூட்டைய விடப் பெருசா இருக்கே ஆத்தா, நீ தச்சதா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

மூட்டை என்றதும் எனக்குப் பகீரென்றது. மூட்டை தைக்கையில் ஓரத்தில் இரண்டு விரல் நுழைய இடம் விடுவோம்; வியாபாரி காய் எடுத்துப் பார்க்க வேண்டுமே. ஒட்டின் மூலையிலும் அப்படியே விட்டிருந்தேன். ஊசியை மாற்றிய எனக்குக் கையை மாற்றத் தெரியவில்லை.

சொன்னால் உதை விழுமோ, பிழைப்பு போகுமோ என்று தயங்கினேன். சொல்லாவிட்டால் நடுவானில் அது கிழிந்து அவள் செத்துப்போவாள். அவள் பேச்சைத் தமிழில் சொல்ல அவளோடு வந்த துபாஷியிடம் ஓடினேன்.

"ஐயா, தொரசாணிய ஏற விடாதீக! தையல்ல ஓட்டை விட்டுட்டேன்!"

அவர் அவளிடம் சொன்னார். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஏதோ பதில் சொன்னாள்.

"நெருப்ப அணைக்க மாட்டாகளாம். இப்பவே தைக்கச் சொல்றாக" என்றார்.

கொதிக்கும் துணியை அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். புகையில் கண்ணீர் வழியத் தைத்தேன். விரல்கள் கொப்பளித்தன. முடிச்சு விழுந்ததும் என் தோளைத் தட்டிவிட்டு, பலூனின் அடியில் தொங்கிய ஊஞ்சல் கம்பில் போய் உட்கார்ந்தாள். கயிறுகளை விட்டார்கள்.

"மாதாவே, மாதாவே" என்று நான் அந்த ஒட்டுத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது உள்ளங்கையளவாகி, பொட்டளவாகி, கண்ணுக்கு எட்டாமல் போனது. அப்போதும் அந்த இடத்தையே பார்த்தேன். கூட்டம் ஓவென்று கத்தியது. பிறகு வயல் சேறு அப்பிய காலோடு அவள் நடந்து வந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பக்கத்தில் நின்றவள் என்று, அவள் எப்படிக் குதித்தாள் என இன்றும் பெண்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஊரே அண்ணாந்து அவளைப் பார்த்தது. நான் என் தையலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.