மூடியின் உட்புறம்

பால் நிலையத்தில் அவரை எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். கேன் வந்ததும் மூடியைத் திறந்து, சட்டென்று திருப்பி, உட்புறத்தை முகர்வார். பாலின் வாசனை பாலை விட மூடியில்தான் அதிகம் தங்கும் என்பார். "ஊத்து" என்றால் பால் பெரிய தொட்டிக்குப் போகும். "எடுத்துட்டுப் போ" என்றால் வந்த வழியே திரும்பும். ஒரு கேன் புளித்த பால் உள்ளே போனால் தொட்டியே கெட்டுவிடும் என்பதால் அந்த மூக்குக்கு நல்ல மரியாதை இருந்தது. மூக்குக்காரருக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

ஒருநாள் காலை, கழுவிவிட்ட தரையில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். பின்மண்டை சிமெண்டுப் படியில் இடித்தது. யாரும் பார்க்கவில்லை. வெளியே சொன்னால் வருஷம் முழுக்கக் கேலி செய்வார்கள் என்று எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். சில நாளில் வீக்கம் வடிந்தது.

முதலில் சந்தேகம் டீயின் மேல் வந்தது.

"என்ன இது, வெந்நீர்ல சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு? தூளை மிச்சம் பிடிக்கறியா?"

"ஆமா, மிச்சம் பிடிச்சு மாடி வீடு கட்டப்போறேன்" என்றாள் மனைவி.

"பருப்புல உப்பு இருக்கு, காரம் இருக்கு. மத்தது எங்க?"

"நான்தான் தனியா எடுத்துத் தின்னுட்டேன்."

அவள் ஏதோ கோபத்தில் பழி வாங்குகிறாள் என்று நினைத்தார். எந்தக் கோபம் என்று யோசித்தபோது நிறையவே நினைவுக்கு வந்தன.

நிலையத்தில் மூடிகளிலும் ஒன்றும் இல்லை. நாற்றத்தை அடக்க ஏதோ பொடி கலக்கிறார்கள், எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று முடிவு செய்தார். அன்று குளிக்கும்போது சோப்பை மூக்கோடு வைத்து அழுத்தினார். அதிலும் ஒன்றுமில்லை. சோப்புக் கம்பெனிக்காரனையும் கூட்டுச் சதியில் சேர்க்க முடியாமல் சற்று நேரம் ஈரத்தோடு நின்றார்.

மனைவி டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் வரிசையாகக் கேட்டார்: சளிக் காய்ச்சல் வந்ததா, மூக்கடைப்பு உண்டா, மருந்து நெடி, புகை நடுவில் வேலையா, புதிதாக மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?

"தலையில அடி ஏதாவது பட்டுச்சா?"

மூக்கைப் பற்றிக் கேட்க வந்தால் மண்டையைப் பற்றி ஏன் கேட்கிறான்? இந்த டாக்டரும் நிலைய மேலாளரும் ஒரே தெருக்காரர்கள். 'விழுந்தவர், இனி வேலைக்கு லாயக்கில்லை' என்று ஒரு வார்த்தை போனால் போதும்.

"இல்ல" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் முகங்களை முகர ஆரம்பித்தார். மூடி வழக்கம்போல மூக்கருகில் போகும். கண் மட்டும் மூடியின் விளிம்புக்கு மேலே, கொண்டுவந்தவர் முகத்தில் இருக்கும். பார்வை நழுவினால் புளித்த பால். சிரித்தபடி நேராகப் பார்த்தால் நல்ல பால். சந்தேகப்பட்டே பழகியவருக்கு இது எளிதாகவே வந்தது.

ரெண்டு மாட்டுக்காரி என்று ஒருத்தி. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் போலத்தான் எப்போதும் நிற்பாள். அவள் பாலைத் திருப்பினார். அடுத்த தடவையும் திருப்பினார். அதே வாரம் தொழிற்சாலைக்குப் போன தொட்டிப் பால், புளித்துவிட்டதென்று திரும்பி வந்தது. சிரித்த முகத்தோடு வந்த புளித்த கேன் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது.

"அண்ணே, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார் மேலாளர்.

மூன்றாம் முறை ரெண்டு மாட்டுக்காரி வந்தபோது அவள் முகத்தில் பதற்றமே இல்லை. மூக்கண்ணன் மூடியைத் திருப்பி முகர்ந்தார். "ஊத்து" என்றார்.

அவள் ஊற்றவில்லை. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "மூடியில வெங்காயம் தேச்சு வெச்சிருக்கேண்ணே."

"யாரு சொல்லிக்கொடுத்தா உனக்கு?" அந்த நிலையிலும் அவருக்கு முதலில் தோன்றியது அதுதான்.

"யாரும் இல்ல. நீங்க மூடியப் பார்க்காம என்னையே பார்த்தீங்க. முதல்ல வேற மாதிரி சந்தேகப்பட்டேன். வீட்ல போய் கண்ணாடியப் பார்த்தேன். அது காரணமா இருக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு." கொண்டுவந்த வேறு மூடியால் கேனை மூடினாள். "நீங்க திருப்பி அனுப்பினது ரெண்டும் நல்ல பால்தான். எங்க வீட்ல பிள்ளைங்க குடிச்சாங்க. இன்னிக்குப் பாலையும் நீங்க ஊத்தச் சொல்லி ஊத்த மாட்டேன்."

கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேலாளர் கூப்பிடுவார் என்று அன்று முழுக்கக் காத்திருந்தார். கூப்பிடவில்லை. ஏன் சொல்லாமல் விட்டாள்? பதிலுக்கு என்ன கேட்கப்போகிறாள்?

மறுநாள் அவள் வந்து கேனை வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. மூடியின் விளிம்புக்கு மேலே அவள் முகத்தைப் பார்த்தார். பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை, கள்ளமும் இல்லை. அந்தப் பால் எப்படிப்பட்டது என்று சொல்ல அவரிடம் எந்த வழியும் இருக்கவில்லை. மூடியைக் கேன் மேல் வைத்துவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"எனக்கு வாசனை தெரியல சார். கொஞ்ச நாளாவே."

இரண்டாவது முறை டாக்டரிடம் விழுந்ததைச் சொன்னார். "மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பெல்லாம் நூல் மாதிரி. பின்மண்டையில அடி பட்டா உள்ள மூளை அசையும், நூல் அறுந்துடும்" என்றார் டாக்டர். "சில பேருக்கு மெதுவாத் திரும்பும். திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"விழுந்தீங்களா?" என்றாள் மனைவி. "நான் டீத்தூளுக்குக் கடை கடையா அலைஞ்சேனே, பாவி மனுஷா."

இப்போது அவர் அதே நிலையத்தில் கேன் கழுவுகிறார். மூடியை வேறொருவர் முகர்கிறார். ரெண்டு மாட்டுக்காரியின் பால் தொட்டிக்குப் போகிறது. மூக்கண்ணன் திருந்திவிட்டார் என்று சொல்வதற்கில்லை. வீட்டில் டம்ளரை மனைவியிடம் நீட்டுகிறார்.

"பால் நல்லாருக்கா பாரு."

அவள் முகர்ந்து, "இருக்கு" என்கிறாள்.

அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகுதான் குடிக்கிறார்.