ஐந்தாம் வகுப்பின் நாலு கதவுகள்

திருத்தங்கல் பக்கம் நான் வேலை பார்த்த பழைய பள்ளிக்கூடத்தில் இன்று மராமத்து வேலை தொடங்கியது. போய் நின்றால், ஐந்தாம் வகுப்பில் பொறியாளர் இரண்டு கதவுகளில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு ரூமுக்கு நாலு கதவு எதுக்கு சார்? ரெண்ட அடைச்சா பீரோ வைக்கலாம்.”

“தம்பி, இதக் கட்டுனது பட்டாசுக் கம்பெனி கொத்தனாருக. ஆபத்துன்னா எந்தப் பக்கமும் ஓடணும்னு அங்கன மாதிரியே இங்கனயும் கட்டிட்டாக.”

“இங்கன என்ன வெடியா செய்றாக?”

வாதத்தைவிட எடுத்துக்காட்டு நல்லது. அவரைக் கடைசி பெஞ்சில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வைத்தேன். தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு மணியை அடித்து, “எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்றேன்.

நாலு கதவும் வெளிப்பக்கமாகத் திறந்தன. பொறியாளர் பெஞ்சுக்கு அடியிலிருந்து காலை உருவுவதற்குள் மொத்த வகுப்பும் வேப்பமரத்தடியில் நின்றது.

ஒருத்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “சார், இன்னும் உள்ளயா இருக்கீக?”

அவர் சிரித்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து இரண்டு குறிகளையும் தானே அழித்தார். நாலு கதவும் தப்பித்தன!

அங்கே படித்தவர்களே, தாமதமாக வந்த நாளில் பின்கதவு வழியாக நுழைந்தது யார் யார்? இப்போது சொல்லலாம், முட்டி போடச் சொல்ல மாட்டேன்.