வார்னிங் என்றால் முன்னறிவிப்பு

பத்து வயதில் எங்கள் வீட்டின் ஆங்கிலம் நான்தான். அப்பா கேரள எல்லைக்குள் உதியன்குளங்கரையில் ஆட்டோ ஓட்டினார். மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுவரை தெரியும். அம்மாவும் சித்தியும் தமிழ்நாட்டுப் பக்கம் விளவங்கோட்டில் பிறந்து தமிழில் படித்தவர்கள். நான் மட்டும் பாறசாலையில் மலையாளப் பள்ளிக்கூடம். ஆகவே மருந்து அட்டையோ ஷாம்பு பாக்கெட்டோ, எது வந்தாலும் என் முன்னால் வைக்கப்படும். தெரியாத சொல் வந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன். யாரும் பிடித்ததில்லை.

அந்த வாரம் டீச்சர் மூன்று ஆங்கிலச் சொற்களை நடத்தியிருந்தார். வார்ன், இன்ஃபார்ம், ப்ரெடிக்ட். மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றல்ல என்று சொல்லி, மலையாளத்தில் அர்த்தமும் எழுதிப் போட்டார். வார்ன் என்றால் முன்னறியிப்பு கொடுப்பது, இன்ஃபார்ம் என்றால் அறியிப்பது, ப்ரெடிக்ட் என்றால் பிரவசிப்பது. மலையாளச் சொல்லின் வாலைக் கொஞ்சம் மாற்றினால் வீட்டுக்குள் அது தமிழாகிவிடும் என்பது எல்லைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பெரும்பாலும் பலிக்கும். பிரவசிப்பது மட்டும் பைபிளில் தீர்க்கதரிசிகள் செய்கிற காரியமாக இருந்ததால், டி.வி.யில் மழை சொல்கிறவரையும் நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்து வைத்திருந்தேன்.

சித்தி அப்போது எங்களோடு இருந்தாள். பூவாரில் ஒரு ரிசார்ட்டில் அறைகளுக்கு விரிப்பும் துவாலையும் மாற்றுகிற வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்து, வெள்ளறடையில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியம்மாவிடம் அவள் ஒரு பேரம் பேசியிருந்தாள். வேலை நிரந்தரமானால் இரண்டு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆகாவிட்டால் பெரியம்மா பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாப்பிள்ளையை சித்தி ஒரு தடவை பார்த்திருந்தாள். ஒரு தடவை போதும் என்றாள்.

ஒரு சாயங்காலம் சித்தி பஸ் இறங்கி நேரே என்னிடம் வந்தாள். கையில் ஒரு கவர். கிளம்புகிற நேரத்தில் சூப்பர்வைசர் கொடுத்ததாம். அங்கேயே யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் வேலைக்குச் சேரும்போது ஆங்கிலம் தெரியுமா என்றதற்கு, “லிட்டில் லிட்டில்” என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

“மக்கா, இதுல என்ன எழுதியிருக்குண்ணு பாரு.”

ஒரு பக்கக் கடிதம். மேலே தடித்த எழுத்தில் ஃபைனல் வார்னிங். நடுவில் ஓரிடத்தில் இன்ஃபார்ம். அந்த வாரம் படித்த சொற்களே எதிரில் வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சத்தையெல்லாம் வழக்கம்போல முணுமுணுத்துத் தாண்டினேன்.

“கடைசி முன்னறிவிப்பு, சித்தி.”

மலையாளத்தில் முன்னறியிப்பு என்றால் எச்சரிக்கை. கடலுக்குப் போகாதே, கரண்ட் கம்பியைத் தொடாதே என்கிற வகை. தமிழில் முன்னறிவிப்பு என்றால் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வது, அவ்வளவுதான். நாளைக்கு மழை வரலாம், அமைச்சர் வரலாம். நான் முதலாவதைச் சொன்னேன், சித்தி இரண்டாவதைக் கேட்டாள். இடையில் ஒரே ஓர் எழுத்து. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யோசிப்பது என் வேலையாக எனக்குத் தோன்றவில்லை. அர்த்தம் கேட்டாள், சொன்னேன்.

“கடைசிண்ணா?”

“இனி வேற வராது. இதுதான் கடைசி.”

“அப்போ வேலை உறுதி ஆயாச்சு!” சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். “வேற என்ன உண்டு?”

“இன்ஃபார்ம் உண்டு. அறிவிக்கணும்.”

“ஆருக்கு?”

“அது எழுதல்ல.”

“இனி என்ன நடக்கும்ணு ஏதாவது?”

“அதுக்கு ப்ரெடிக்ட்ணு வரணும். அது இல்ல.”

யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதில் சித்திக்குச் சந்தேகமே வரவில்லை. “வெள்ளறடை அக்கா மொகத்தப் பாத்துச் சொல்லணுமாக்கும். அதுவரைக்கும் நீ வீட்டில ஆருகிட்டயும் மிண்டாத, கேட்டியா?” என்றாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு, பூவார் பஸ்ஸை விட்டுவிட்டு வெள்ளறடை பஸ்ஸில் ஏறினாள். பெரியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே பேரத்துக்குக் கட்டுப்பட்டாளாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தந்து அனுப்பினாளாம். சித்தி திரும்பி வந்தபோது அவ்வளவு அழகாக இருந்தாள். அவள் ஜெயித்திருந்த நாள் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் பூவாரில் அவளை ரிசார்ட் கேட்டுக்குள் விடவில்லை. பத்து மணிக்கெல்லாம் சோற்றுப் பாத்திரம் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கடிதத்தை அப்பா ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், விவரம் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து அறிந்துவந்தார். போன மாதம் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் சித்தி அங்கே தெரிவிக்கவில்லை. இனி ஒரு நாள் சொல்லாமல் லீவு போட்டாலும் வேலை போய்விடும். இவ்வளவுதான் அந்த ஒரு பக்கம். அப்பா சத்தம் போடுகிறவர் அல்ல. அன்றைக்குப் போட்டார்.

“பிள்ளே, தெரியாட்டா ஆருகிட்டயாவது கேக்கப்பிடாதா?”

“கேக்கத் தோணல்ல, அத்தான்,” என்றாள் சித்தி.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னிடம் கேட்டாளே, நான் வாசித்துக் கொடுத்தேனே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“மக்கா, கொஞ்சம் வெள்ளம் எடுத்துட்டு வா.”

கொண்டுவந்து சித்தியிடம் கொடுத்தேன். மறுபடி வாயைத் திறந்தேன். முதல் டம்ளர் அப்படியே இருக்க, இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னாள். இரண்டாவது டம்ளரோடு நான் வந்தபோது, அப்பா பெரியம்மாவுக்குப் போன் செய்ய முற்றத்தில் இறங்கியிருந்தார்.

எனக்கு வந்தது பெருங்கோபம். மூன்று சொற்களுக்கும் டீச்சர் என் நோட்டில் சிவப்பு மையால் சரி போட்டிருந்தார். வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாத கடிதத்தை நான் வாசித்திருக்கிறேன், அதை ஒரு வார்த்தை சொல்ல சித்திக்கு மனம் வரவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் செய்ய வந்தார்கள். சித்தி உள்ளறையில் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் வந்து இருக்கும்படி என்னை இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் கேட்காதவள்போல வாசலில் நின்று, வந்தவர்களின் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.